நில மேலாண்மைப் பணியகத்தின் தலைமையகத்தைச் சட்டத்தின் வழியே கிராண்ட் ஜங்ஷனில் நிலைநிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கிராண்ட் ஜங்ஷன் நகரில் குடியிருக்கும் தமிழர் ஒருவர்,
மேசா கவுண்டி, கொலராடோ.

பெறுநர்:
மாண்புமிகு உள்நாட்டு வளத் துறைச் செயலாளர் அவர்கள்,
அமெரிக்க ஐக்கிய நாடுகள்,
வாஷிங்டன் டி.சி.

பொருள்: கூட்டரசின் பொது நிலங்களைப் பராமரிக்கும், பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைப் பணியகத்தின் தலைமையகத்தை, அதன் ஊழியர்களை இழந்துவிடாத வகையில், பொது நிலங்களுக்கு அருகே மீண்டும் கொண்டுவரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனத்தில் உள்ளதைப் பிசகில்லாமல் சொல்ல என் தாய்மொழியே கைகொடுக்கும் என்பதால் இம்மனுவை முதலில் தமிழில் எழுதி, அதன் ஆங்கில வடிவத்தையும் உடன் இணைத்துள்ளேன்.

பணியகம் வெளியிடும் நிலவரைபடங்களில் அதன் பொறுப்பில் உள்ள நிலம் மஞ்சள் நிறத்தில் இருக்கும். எங்கள் ஊரின் வரைபடத்தை மேசைமேல் விரித்தால், கொலராடோ, கன்னிசன் ஆறுகள் கூடும் பள்ளத்தாக்கில் வீடுகளும் பழத்தோட்டங்களும் ஒரு சிறு பட்டையாகத் தெரியும். அதைச் சூழ்ந்து எங்கு பார்த்தாலும் மஞ்சள்தான். மேற்கே மெக்கின்னிஸ் கேன்யன்ஸ், தென்கிழக்கே டொமிங்கெஸ்–எஸ்கலாண்டே, வடகிழக்கே காட்டுக்குதிரைகள் மேயும் லிட்டில் புக் கிளிஃப்ஸ் ஆகிய மூன்று இயற்கைப் பகுதிகளும் பணியகத்தின் பராமரிப்பில் உள்ளவை. நாடு முழுவதும் அது காத்துவரும் சுமார் 24.5 கோடி ஏக்கரில் ஏறக்குறைய அனைத்தும் அலாஸ்கா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களிலேயே இருக்கிறது. அந்த நிலத்துக்கான விதிகளை எழுதுவோரும் பணத்தைப் பங்கிடுவோரும் மட்டும் சாலை வழியே ஏறத்தாழ இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் வாஷிங்டனில் அமர்ந்திருக்கிறார்கள்.

இந்தத் தொலைவு எதில் உறைக்கிறது என்பதற்கு நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். 2020 ஜூலை 31 அன்று ஊருக்கு வடக்கே மின்னல் விழுந்து பற்றிய பைன் கல்ச் தீ, ஒரு மாதத்துக்குள் கொலராடோ வரலாற்றிலேயே மிகப் பெரிய காட்டுத்தீயாகி, மொத்தம் 1,39,007 ஏக்கரை எரித்தது. அதே ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே வேறு தீக்கள் அதையும் மிஞ்சின என்பது வேறு வேதனை. அந்த ஆகஸ்டில் தினமும் காலையில் என் காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்த சாம்பலைத் துணியால் துடைத்த பிறகே வண்டியை எடுத்தேன். தீ அணைந்தபின் தொடங்கும் வேலை இன்னும் நுட்பமானது. எரிந்த சரிவில் உள்ளூர்ப் புல் விதைகளைப் பருவம் தவறாமல் தூவாவிட்டால், சீட்கிராஸ் என்னும் அயல்நாட்டுக் களைப்புல் முந்திக்கொண்டு முளைத்து, கோடை தொடங்கும் முன்பே காய்ந்து, அடுத்த தீக்குத் தானே விறகாகிவிடும். அந்தப் பருவம் சில வாரங்களே நீடிக்கும். களத்தில் நிற்பவருக்கு இது தெரியும். ஒப்புதல் தருபவருக்கும் அது தன் சன்னலுக்கு வெளியே தெரிய வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

ஊழியர்களில் மிகப் பெரும்பாலானோர் ஏற்கெனவே மேற்கில்தானே பணிபுரிகிறார்கள், தலைமையகம் எங்கிருந்தால் என்ன என்று கேட்போர் உண்டு. அவர்கள் சொல்லும் தகவல் சரியானதே. ஆனால் கள அலுவலர் பரிந்துரைக்கலாமே தவிர, எந்த வேலைக்கு எவ்வளவு நிதி, எத்தனை பணியிடம், எந்த விதிக்கு என்ன பொருள் என்பவற்றைத் தலைமையகமே முடிவு செய்கிறது. ஆகவே அது அமைந்திருக்கும் இடம் முக்கியமாகிறது.

தலைமையகத்தை இங்கே மாற்றுவது முன்பே செய்து பார்த்ததுதானே என்று தாங்கள் கருதக்கூடும். 2019 ஜூலையில் அறிவிக்கப்பட்டு, 2020 ஆகஸ்டில், எங்கள் மலைகள் எரிந்துகொண்டிருந்த அதே மாதத்தில், கிராண்ட் ஜங்ஷன் முறைப்படி தலைமையகம் ஆனது. நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் வாஷிங்டனிலிருந்து மாற்றப்பட்ட 328 பணியிடங்களைப் பொறுத்தவரை 287 பேர் ஓய்வு பெற்றோ வேறு வேலை தேடியோ விலகினர். 41 பேரே இடம் மாறினர். அவர்களிலும் எங்கள் ஊருக்கு வந்தவர்கள் மூவர் மட்டுமே. எஞ்சிய பணியிடங்கள் டென்வர், சால்ட் லேக் சிட்டி, ரீனோ எனப் பல ஊர்களுக்குச் சிதறின. பெயர்ப்பலகை இங்கே வந்தது, பணியகத்தின் பல்லாண்டு அனுபவம் வழியிலேயே கரைந்துபோனது. குடும்பத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டு உடனே கிளம்பு என்று சொன்னால் எந்த ஊழியர்தான் கிளம்புவார்? விலகியவர்களை நான் குறை கூற மாட்டேன். அலுவலகமும் எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்திலேயே அமைந்ததால், நடுநிலை குறித்து வீண் ஐயம் எழுந்தது. 2021 செப்டம்பரில் தலைமையகம் வாஷிங்டனுக்கே திரும்புவதாக அறிவிக்கப்பட்டு, மேற்குத் தலைமையகம் என்ற பெயர் எங்களிடம் தங்கியது.

அந்தத் தோல்விக்குக் காரணம் அவசரமே அன்றி, இடம் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். 1934இல், பொது நிலங்களில் கால்நடை மேய்ச்சலை ஒழுங்குபடுத்தும் டெய்லர் மேய்ச்சல் சட்டம் நிறைவேறியதும், அதை நடத்த நியமிக்கப்பட்ட ஃபாரிங்டன் கார்ப்பெண்டர் இதே கொலராடோவின் கால்நடைப் பண்ணைக்காரர்; மேய்ப்பர்களைக் கூட்டி அவர் முதல் கூட்டம் நடத்தியதும் இதே கிராண்ட் ஜங்ஷனில்தான். அவர் தொடங்கிவைத்த மேய்ச்சல் துறையும் பழைய பொது நில அலுவலகமும் 1946இல் இணைந்து பிறந்ததே இன்றைய பணியகம். எனவே நாங்கள் கேட்பது புதிதாக ஒரு சலுகையை அல்ல.

ஆகவே, தலைமையகத்தின் இடத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றும் சட்டத்தின் மூலம் நிலைப்படுத்தத் தாங்கள் முன்கை எடுக்குமாறு வேண்டுகிறேன். நிர்வாக ஆணையால் மட்டும் வருவது அடுத்த நிர்வாகத்தின் ஆணையால் போய்விடும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர்களை அலைக்கழிப்பது எவருக்கும் நன்மை தராது. இடமாற்றத்தைச் சில ஆண்டுகளில் படிப்படியாகச் செய்து, வர இயலாதவர்கள் தங்கள் பொறுப்பைப் புதியவர்களுக்குக் கற்பித்து ஒப்படைக்கும்வரை அவர்களைப் பணியில் வைத்திருக்க வேண்டும். காங்கிரஸுடன் அன்றாடம் பேச வேண்டிய ஒரு சிறு பிரிவு வாஷிங்டனிலேயே இருப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இயக்குநரும் நிதி, கொள்கைப் பிரிவுகளும் ஒரே கூரையின்கீழ் இங்கே இயங்க வேண்டும், அந்தக் கூரை எந்தச் சுரங்க, எண்ணெய் நிறுவனத்துடனும் பகிரப்படாததாக இருக்க வேண்டும். இந்த மண்ணின் முதல் குடிகளான யூட் பழங்குடியினரை, முடிவு எடுத்தபின் தகவல் சொல்லும் வழக்கத்தை விடுத்து, தொடக்கத்திலேயே கலந்தாலோசிக்க வேண்டும் என்பதையும் அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

மேற்கண்ட கோரிக்கையைப் பரிசீலித்து, முடிவு எடுக்கும் முன் கிராண்ட் ஜங்ஷனுக்கு நேரில் வந்து பொது விசாரணை நடத்தி, தக்க நடவடிக்கை மேற்கொள்ளுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இடம்: கிராண்ட் ஜங்ஷன்
இணைப்பு: மனுவின் ஆங்கில வடிவம்