சாக்ராந்தினோவை ஒத்த வரில தள்ளிட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இத்தாலி ரெட் வைன் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய முழுசா படிச்சேன். பாரோலோ, கியாந்தி வைனுக்கெல்லாம் பக்கம் பக்கமா எழுதிட்டு, உம்ப்ரியா மாநிலத்துல மொன்டெஃபால்கோ ஊர்ப் பக்கம் சாக்ராந்தினோங்கற திராட்சைல பண்ற மொன்டெஃபால்கோ சாக்ராந்தினோ வைன மட்டும் ஒரே துவர்ப்பு, குடிக்க முடியாதுன்னு ஒத்த வரில முடிச்சிட்டீங்க, மனசு கேக்கல. நான் உம்ப்ரியாவோட தலைநகர் பெருஜா பக்கம் ரெஸ்டாரண்ட் கிச்சன்ல வேலை பாக்குறவன், அதான் எழுதுறேன்.

துவர்ப்பு இருக்கு, இல்லேங்கல. தோல் தடிச்ச திராட்சை, டானின், அதாவது துவர்ப்பு குடுக்கற பொருள், இவ்ளோ இருக்கற திராட்சை உலகத்துலயே கொஞ்சம்தான். இளசா இருக்கறப்ப ஒரு வாய் குடிச்சா கொட்டைப்பாக்கு மென்ன மாதிரி நாக்கு, ஈறு எல்லாம் இழுத்துப் பிடிக்கும். அதனாலதான் 37 மாசம் வச்சிருந்து, அதுல கொறஞ்சது 12 மாசம் மரப்பீப்பாய்ல போட்டு, அப்புறம்தான் விக்கணும்னு சட்டமே இருக்கு. வாங்குனதுக்கு அப்புறமும் சில வருஷம் விட்டு வச்சு, டிகாண்டர்ங்கற கண்ணாடிக் குடுவைல ஊத்தி நல்லா காத்து பட விட்டு, ஆட்டுக்கறியோ காட்டுப்பன்னிக் கறியோ கூட வச்சுக் குடிச்சுப் பாருங்க, கறியோட கொழுப்புல அந்த துவர்ப்பு அப்படியே அடங்கிரும். வெறும் வாய்ல ஒரு மடக்கு குடிச்சுட்டு தீர்ப்பு சொல்றது நியாயமே இல்லைங்க.

இன்னொண்ணு, அந்த ஊர்ல காலங்காலமா குடிச்சது இந்த இனிப்பில்லாத டிரை வைனே கிடையாது, பாஸிட்டோங்கற இனிப்பு வைன்தான். பழத்த பறிச்சு தட்டுல பரப்பி ரெண்டு மாசத்துக்குக் கொறயாம காய விடுவாங்க, தண்ணி வத்தி தோல் சுருங்கி சர்க்கரை ஏறின பிறகுதான் பிழியறது. ஈஸ்டர் அன்னிக்கு ஆட்டுக்குட்டிக் கறியோட அதத்தான் வைப்பாங்க. உங்க கட்டுரைல பாஸிட்டோங்கற பேரே இல்ல!

1960கள்ல இந்தக் கொடியே அழிஞ்சு போற நெலமைக்கு வந்திருச்சு. 1971ல ஆர்னால்டோ காப்ராய்ங்கற துணித் தொழிலதிபர் மொன்டெஃபால்கோல தோட்டம் வாங்குனாரு, பின்னாடி அவரு மகன் மார்கோ மிலான் யூனிவர்சிட்டியோட சேந்து இந்த ஒரு திராட்சைய விடாம ஆராய்ச்சி பண்ண வச்சாரு. 1979ல டிஓசிங்கற இத்தாலி தரச் சான்று, 1992ல அதுக்கும் மேல இருக்கற டிஓசிஜி கெடச்சது. மொன்டெஃபால்கோ, பெவான்யான்னு சுத்தி அஞ்சு ஊர் எல்லைக்குள்ளதான், அதுவும் நூத்துக்கு நூறு சாக்ராந்தினோ போட்டாத்தான் மொன்டெஃபால்கோ சாக்ராந்தினோங்கற பேர வைக்க முடியும்.

புதுசா குடிக்கறவங்களுக்கு நேரா இத சொல்லாம அதே ஊரோட இன்னொரு ரெட் வைன் மொன்டெஃபால்கோ ரோஸ்ஸோவ சொல்லுங்க, அதுல சாஞ்சோவேசேங்கற வேற திராட்சைதான் அதிகம், சாக்ராந்தினோ கொஞ்சமாதான் சேப்பாங்க, நாக்குக்கு மெதுவா பழகும். பாஸிட்டோவுக்கு தனியா ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்க.

இப்படிக்கு,
பெருஜாவிலிருந்து ஒரு வாசகன்