சோபாவுக்கு இல்லை

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது.

உன் நகக் கடைக்கு இன்னும் இரண்டு நாற்காலியும் ஒரு சோபாவும் வாங்கப் பணம் கேட்டிருந்தாய். தருகிறேன். சோபாவுக்கு இல்லை, சாமான்களை நீராவியில் வைத்துக் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்கு.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று ஆத்தா என் வாயைக் கட்டியிருந்தாள். போன மாதம் கல்யாணத்துக்குப் போகுமுன் இங்கே ஒரு கடையில் நகம் திருத்திக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் முந்தைய ஆளுக்குப் போட்ட கத்தரியைத் துண்டில் துடைத்தாள். கிருமியைக் கொல்லுமென்று வைத்திருக்கும் நீல விளக்குப் பெட்டிக்குள் வைத்தாள். வைத்த கையோடு எடுத்து, ஆத்தாளின் நகத்தை ஒட்டிய தோலை வெட்டினாள். ஒரு பொட்டு ரத்தம். மூன்றாம் நாள் மோதிர விரல் பழுத்து நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொண்டு பந்தி விசாரித்தாள், பிடிவாதக்காரி! சர்க்கரை வேறு இருக்கிறதே, கடைசியில் டாக்டர் கீறித்தான் சீழை எடுத்தார்.

அந்தத் தோல் அழுக்கு இல்லையம்மா. நகத்தடியில் தண்ணீரும் கிருமியும் இறங்காமல் காக்கும் அடைப்பு. வாடிக்கைக்காரர் கேட்டாலும் வெட்டாதே. நீல வெளிச்சம் படுகிற பக்கத்தில்தான் வேலை செய்யும், கத்தரியின் இடுக்குக்குள் போகாது. இரும்புச் சாமானை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிறகு 121 டிகிரி நீராவியில் வை. அழுக்கோடு வைத்தால் கரண்டு காசுதான் நஷ்டம். நகம் தேய்க்கும் அட்டை அரத்தைக் கழுவிப் பயனில்லை, ஒருவருக்கு ஒன்று, அதோடு குப்பை.

கால் ஊறவைக்கும் சுழல் தொட்டியும் வேண்டாம். முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவன் சொல்கிறேன். 2000-இல் கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் ஒரே நகக் கடைக்குப் போன நூறு பேருக்கு மேல் கீழ்க்காலில் கட்டி கிளம்பியது, ஆற மாதக்கணக்கானது. தண்ணீரை இழுக்கும் வலைக்குப் பின்னால் முடியும் தோலும் அப்பிக் கிடந்தன. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி ஒன்று தொட்டியில் குடியிருந்தது. வருமுன் காலை மழித்துக்கொண்டவர்களுக்கு ஆபத்து அதிகம். வெறும் பேசின் போதும், ஒவ்வொருவருக்குப் பிறகும் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியைப் பத்து நிமிடம் ஊறவிடு.

உன் சீருக்கு வாங்கி மிஞ்சிய எவர்சில்வர் பேசின்கள் இரண்டாங்கட்டில் பிரிக்காமல் கிடக்கின்றன. ஆறு அனுப்புகிறேன்.

ஆத்தாளின் விரல் ஆறிவிட்டது. நகம் முழுசாக முளைக்க இன்னும் நாலைந்து மாதமாகும். அதுவரை கேட்டால் கதவில் நசுங்கியது என்றுதான் சொல்வாள்.

அப்பச்சி