புரட்டாசி முடியும்போது திறக்க ஒரு பேல் ஏல்

டர்பன்,
ஆவணி கடைசி வாரம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவில் விடியற்குளிர் இன்னும் விடவில்லை என்று எழுதியிருக்கிறாய். இங்கே கடற்காற்றில் ஈரம் ஏற ஆரம்பித்துவிட்டது, இன்னும் இரண்டு மாதத்தில் பியர் போடுவதே வம்பாகிவிடும். வீட்டில் எல்லோரும் சுகம். மகள் உனக்கு மாங்காய் ஊறுகாய் கட்டி வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டில் பியர் போட, முளைகட்டிய பார்லியின் மால்ட் சாறு டப்பாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து வரும் பியர் கிட் வாங்கியாயிற்று, ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப் பூ) மணம் தூக்கலான பேல் ஏல் என்கிற வெளிர் பியர் அதில் வருமா என்று கேட்டாய். வரும். டப்பா மட்டமான சரக்கு என்று சொல்பவர்கள் பேச்சை விடு. ஹாப்ஸ் மணத்தை உண்டாக்குவது சுலபம், பணம் கொடுத்தால் கிடைக்கும். அது குப்பிக்குள் போகும்வரை காற்றுப் படாமல் காப்பாற்றுவதுதான் வேலை. கீழே எழுதுவதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

காலமும் கூடி வந்திருக்கிறது. புரட்டாசி பிறந்த வாரம் போட்டால் வாளியில் இரண்டு வாரம், குப்பியில் இரண்டு வாரம்; விரதம் முடிகிற சமயம் சரியாக இருக்கும். விரத மாதத்தில் காய்ச்சலாமா என்று உன் அக்கா கேட்டால், காய்ச்சத்தான் செய்கிறோம், குடிக்கவில்லை என்று சொல். மாதிரி எடுத்து ருசி பார்க்க முடியாதே என்பதுதான் குறை. மூக்கை நம்பு.

முதலில் டப்பாவின் அடியில் தேதியைப் பார். மால்ட் சாறு கிடக்கக் கிடக்கக் கறுக்கும், பழம்புளிப்பு மாதிரி ஒரு வாடை ஏறும். தேதிக்கு ஒரு வருடமாவது பாக்கி இருக்கட்டும். 1.7 கிலோ டப்பாவை ஒரு கிலோ சர்க்கரையோடு கலந்து 23 லிட்டர் ஆக்கச் சொல்லித்தான் பெரும்பாலும் தாளில் இருக்கும். அப்படிச் செய்தால் பியர் நீர்த்துப்போகும். சர்க்கரைக்குப் பதில் வெளிர் உலர் மால்ட் தூள் ஒரு கிலோ வாங்கு. மொத்தத்தை 20 லிட்டரில் நிறுத்து. அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.044 பக்கம் காட்டும். முடிவில் 1.011 வந்தால் ஆல்கஹால் நாலே கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், குப்பியில் இடும் சர்க்கரையோடு நாலே முக்கால். மூடிக்கடியில் இருக்கும் ஏழு கிராம் ஈஸ்ட் எந்தக் கப்பல், எந்தக் கிடங்கு வெயிலெல்லாம் பார்த்து வந்ததோ. அதை ஒதுக்கிவிட்டு 11.5 கிராம் யு.எஸ்.-05 ஈஸ்ட் பாக்கெட் ஒன்று வாங்கு. மணத்தில் அது குறுக்கே வராது, ஹாப்ஸைப் பேசவிடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் குளோரினோடு குளோரமைனும் உண்டு. குளோரின் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போய்விடும். குளோரமைன் போகாது, கொதிக்க வைத்தாலும் லேசில் அசையாது. அது நொதித்தலில் உண்டாகும் பொருட்களோடு சேர்ந்தால் மருந்துப் பட்டி வாடை அடிக்கும், பிறகு எந்த ஹாப்ஸும் மறைக்காது. கேம்ப்டன் (சல்பைட்) மாத்திரையில் கால் துண்டைப் பொடித்து 20 லிட்டரில் கலக்கு, சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கசப்பு நறுக்கென்று இருக்க வேண்டுமானால் ஜிப்சம் நாலு கிராம் போடலாம், போடாவிட்டாலும் குடி முழுகாது.

ஹாப்ஸுக்கு அமெரிக்கச் சரக்கைத் தேடி அலையாதே. வெஸ்டர்ன் கேப்பில் ஜார்ஜ் பக்கம் விளைவதே போதும். 34 டிகிரி அட்சரேகையில் கோடைப் பகல் ஹாப்ஸ் கொடிக்குப் பற்றாது. ஐரோப்பிய ரகங்களுக்காக ஒரு காலத்தில் வயலில் விளக்கு எரித்துப் பகலை நீட்டினார்கள். அப்புறம்தான் குறைந்த பகலிலும் பூக்கும் ரகங்களை இங்கேயே உண்டாக்கினார்கள். சதர்ன் பேஷன் என்ற ரகத்தில் கிரனடில்லா (பேஷன் பழம்), கொய்யா வாடை தூக்கலாக வரும். ஆப்பிரிக்கன் குவீன் என்ற ரகம் எலுமிச்சம்புல்லும் கூஸ்பெரியும் கலந்தது போல. அறுவடை பிப்ரவரி, மார்ச். ஆகவே இப்போது கடையில் கிடைப்பது இந்த வருடத்துச் சரக்காக இருக்க வேண்டும். பையில் அறுவடை ஆண்டைப் பார். காற்றை உறிஞ்சி அடைத்த பையாக, கடையிலும் குளிரில் வைத்ததாக இருந்தால் மட்டும் வாங்கு. பிரித்து முகர்ந்ததும் பாலாடைக்கட்டி வாடை வந்தால் தூக்கிப் போடு. சதர்ன் பேஷன் 60 கிராம், ஆப்பிரிக்கன் குவீன் 50 கிராம் போதும். மிச்சம் பிடித்தால் காற்றை அமுக்கி வெளியேற்றி ஃபிரீசரில் வை.

இனிக் காய்ச்சல். மூன்று லிட்டர் தண்ணீரில் மால்ட் தூள் 300 கிராமைக் கரை. தண்ணீர் சூடேறுமுன்பே கொட்டு. ஆவி பட்டால் கரண்டியோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும். கொதி வரும்போது பொங்கும், பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். ஆப்பிரிக்கன் குவீன் 20 கிராமைப் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிடு. கடற்கரையில் நான் பத்து நிமிடம்தான் வைப்பேன். உங்கள் ஊர் 1,500 மீட்டருக்கு மேல் உயரம், தண்ணீர் 95 டிகிரி பக்கமே கொதித்துவிடும். ஹாப்ஸ் அமிலம் கசப்பாக மாறும் வேகம் அங்கே குறைவு. டப்பாவிலேயே கசப்பு ஏற்றித்தான் அனுப்புகிறார்கள், அதனால் இதற்குமேல் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறங்கியதும் மீதி 30 கிராமைப் போட்டு மூடி 20 நிமிடம் விடு. அந்தச் சூட்டில் கசப்பு அதிகம் ஏறாது, மணத்தைத் தரும் எண்ணெயும் ஆவியாகப் பறக்காது. பிறகு டப்பாச் சாறு, மீதி 700 கிராம் தூள் எல்லாவற்றையும் அந்தச் சூட்டிலேயே கரை. டப்பாச் சாற்றைக் கொதிக்க வைக்காதே, நிறம் ஏறும், அதிலிருக்கும் கொஞ்ச மணமும் போகும். டப்பாவைக் கால் மணி நேரம் வெந்நீரில் நிறுத்தியிருந்தால் தானாக வழியும். பாத்திரத்தைச் சிங்க்கில் தண்ணீர் நிரப்பி வைத்து 40 டிகிரிக்கு ஆற்றி, வாளியில் வடிகட்டி, ஃபிரிட்ஜில் குளிர்ந்த நாலு லிட்டரும் குழாய்த் தண்ணீர் மீதியும் சேர்த்தால் 19, 20 டிகிரியில் நிற்கும். உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்று. காற்று சேர வேண்டிய ஒரே நேரம் இதுதான். ஈஸ்ட்டை மேலே தூவி மூடு.

ஆறிய பின் தொடும் எல்லாவற்றுக்கும், வாளி, மூடி, ஏர்லாக் (வாயுவை வெளியே விடும் மூடிக் குழாய்), கத்தரிக்கோல் வரைக்கும், ஸ்டார் சான் கிருமிநாசினி லிட்டருக்கு ஒன்றரை மில்லி. இரண்டு நிமிடம் நனைந்தால் போதும். நுரையைக் கழுவ வேண்டியதில்லை.

உன் கராஜில் பகலில் 25, விடிகாலையில் 9 என்றால் ஈஸ்ட் குழம்பிப் போகும். முதல் மூன்று நாள் வாளியின் உள்ளே வெளியைவிட மூன்று நாலு டிகிரி அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள். அறைச் சூட்டைப் பார்க்காதே, வாளியின் பக்கத்தில் ஒட்டிய வெப்பமானியைப் பார். துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி வாளியை அதில் நிறுத்து. பகலில் இரண்டு லிட்டர் ஐஸ் குப்பி ஒன்று, இரவில் கம்பளி. 18, 19 டிகிரியில் பிடித்துவிட்டால் அவ்வளவுதான். லோட் ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) திரும்ப வந்தாலும் தொட்டித் தண்ணீர் நாலு மணி நேரம் அசையாது; ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்குத்தான் கவலை. 24ஐத் தாண்டினால் தின்னர் போலக் காரமான ஸ்பிரிட் வாடை வரும்.

ஐந்தாவது நாள் போல ஹைட்ரோமீட்டரில் 1.015 பார்த்ததும் சதர்ன் பேஷன் 60 கிராமையும் போடு. முழுக்க ஓய்ந்த பிறகு போடச் சொல்லும் ஆட்கள் உண்டு. எனக்கு ஒப்பாது. மூடியைத் திறக்கும்போது புகுந்த காற்றை விழித்திருக்கும் ஈஸ்ட் தின்றுவிடும், ஓய்ந்த ஈஸ்ட் தின்னாது. மூடியைத் திறப்பது இந்த ஒரு தடவைதான். எட்டிப் பார்க்கும் ஆசைக்காகத் திறக்காதே. அளவு பார்க்க வாளியின் அடிக்குழாயிலிருந்து பிடி, பிடித்ததைத் திரும்ப வாளியில் ஊற்றாதே. மூன்று நாள் ஊறினால் மணம் பியருக்குள் இறங்கிவிடும், அதற்குமேல் பச்சைப்புல் வாடை ஏறும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பச்சையாகப் போட்ட ஹாப்ஸில் ஒரு நொதி இருக்கிறது. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட மாவுச் சர்க்கரையை அது உடைத்துக் கொடுக்கும். 1.012ல் நின்றது போலிருக்கும் பியர் மெல்ல மறுபடி நொதிக்கும். அந்த நேரத்தில் குப்பியில் அடைத்தால் வெண்ணெய் வாடை, பிறகு குப்பி வெடிப்பு. அதனால் 20, 21 டிகிரிக்கு ஏறவிட்டு, இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து ஒரே எண் வந்தால்தான் நகர். ஒரு மாதிரியை மூடிய புட்டியில் 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறியதும் திறந்து முகர். வெண்ணெய் வாசம் இல்லையென்றால் சரி.

அடைப்பதற்கு முன் குளிரவைத்துத் தெளியவிடலாம், ஆனால் குளிரும்போது வாளி மூச்சை உள்ளே இழுக்கும், ஏர்லாக் வழியாக வெளிக்காற்று போகும். ஏர்லாக்கை எடுத்துவிட்டு முழு அடைப்பு போடு, அல்லது இந்தத் தடவை தெளிவே வேண்டாம் என்று விடு. நான் விடத்தான் சொல்வேன்.

சர்க்கரை கலக்க இன்னொரு வாளிக்கு மாற்றும் வழக்கம் ஹாப்ஸ் பியருக்கு ஆகாது, காற்று கலந்துவிடும். 125 கிராம் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்து மொத்தம் 250 மில்லி பாகாக்கு. ஊசியில்லாத சிரிஞ்சில் 10 மில்லி எடுத்து ஒவ்வொரு 750 மில்லி குப்பியிலும் விடு, ஐந்து கிராம் சர்க்கரை விழும். எனக்கு இங்கே ஒன்பது மில்லி போதும். உங்கள் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, பியரில் தங்கும் வாயுவும் குறைவு, அந்த ஒரு மில்லி அதற்காக. அடிவரை இறங்கும் நிரப்புக் குழாயால் கீழிருந்து நிரப்பு, கழுத்தில் இரண்டு விரற்கடை விட்டு நுரை மேலே வரும்போதே மூடியை அழுத்து. 25 குப்பி வரும், மீதி ஹாப்ஸ் சேற்றில் போகும்.

குப்பி பழுப்பு நிற குவார்ட்டாக (750 மில்லி பியர் குப்பி) இருக்கட்டும். பச்சை, வெள்ளைக் குப்பியில் வெயில் பட்டால் சில நிமிடத்தில் முடைநாற்றம் வந்துவிடும். திருகு மூடிக் கழுத்துள்ளவை அழுத்தும் மூடியோடு சரியாகப் பொருந்தாது, வாயு கசியும். இரண்டு வாரம் 20 டிகிரியில், அப்புறம் ஃபிரிட்ஜ். வீட்டுக்குக் குடிக்கக் காய்ச்சலாம், விற்க லைசென்ஸ் வேண்டும். உன் பக்கத்து வீட்டுக்காரர் காசு நீட்டினால் வாங்காதே.

ஊற்றும்போது பொன்னிறம் மங்கிச் சாணி நிறமாக, நனைந்த அட்டை வாடையோடு இருந்தால் காற்றுப் பட்டுவிட்டது, நிரப்பிய விதத்தைச் சரிபார். எல்லாக் குப்பியும் பொங்கினால் அவசரப்பட்டு அடைத்துவிட்டாய். ஒன்றிரண்டு மட்டும் பொங்கிப் புளித்தால் அந்தக் குப்பிகளில் அழுக்கு இருந்திருக்கிறது.

தைப்பூசக் காவடி வரை பத்திரப்படுத்தும் சரக்கு இல்லை இது. குப்பியில் மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரைதான் அந்தக் கொய்யா வாசம். தீபாவளிக்கு விருந்தாளிகள் வருவார்கள் அல்லவா, அன்றைக்கே காலி செய். ஈஸ்ட் தூவிய அன்று அளந்த எண்ணையும் ஐந்தாம் நாள் எண்ணையும் எழுதி அனுப்பு, 1.020க்குக் கீழே இறங்காமல் நின்றால் என்ன செய்வதென்று அப்போது எழுதுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம் சொல்.

உன் பழைய கூட்டாளி