துறைமுக நாள் எங்களுக்கு விடுமுறை, உங்களுக்கு?

நாடு நாடாகப் போகும் கப்பலிலேயே ஒரு கல்லூரிப் பருவம் படிக்கும் திட்டம் 'செமஸ்டர் அட் சீ'. அந்தக் கப்பலில் எங்களைச் சுமந்து, சோறு போட்டு, படிக்க வைத்துக் கரை சேர்த்த எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கடல் படிப்பு 1963இல் 'ஏழு கடல் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் தொடங்கியது. நாங்கள் படித்த வேர்ல்ட் ஒடிசி, 1998இல் ஜெர்மனியின் கீல் நகரில் கட்டி முடித்த 175 மீட்டர் நீளக் கப்பல். அப்போது அதன் பெயர் டாய்ச்லாந்த். ஒரு பருவம் ஏறத்தாழ 100 நாள். கடலில் ஓடும் நாளெல்லாம் வகுப்பு. ஞாயிறும் வகுப்புதான், அவ்வப்போது ஒரு நாள் படிப்பதற்கென்று விடுவார்கள். கரை தொட்டால் வகுப்பு கிடையாது, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். ஊர் திரும்பியதும் கேட்கிறவர்களெல்லாம் எத்தனை நாடு பார்த்தாய் என்றுதான் கேட்கிறார்கள். அந்த நாடுகளில் பாதியைக் கப்பல் படிக்கட்டிலிருந்து மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த மடல்.

நாங்கள் இறங்கிப் போன பிறகுதான் உங்கள் வேலை கூடும். காய்கறி, இறைச்சி, மாவு எல்லாம் பலகைகளில் வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் பிரித்து, பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, குளிரறைக்குள் அடுக்க வேண்டும். ஒரு பக்கம் எரிபொருள் ஏறும், இன்னொரு பக்கம் குப்பை இறங்கும். பயணிகள் கப்பலில் தீயணைப்புப் பயிற்சியும் கப்பலைக் கைவிடும் பயிற்சியும் வாரந்தோறும் நடத்தியாக வேண்டும் என்பது சர்வதேச விதி. உயிர்காப்புப் படகை நீரில் இறக்கிப் பார்க்கத் தோதான இடமும் துறைமுகம்தான். 24 மணி நேரத்தில் 10 மணி நேரம் ஓய்வு உண்டு என்று சட்டம் சொல்கிறது. அதை இரண்டு துண்டாக வெட்டலாம், ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மிச்சமிருக்கும் அந்த நாலு மணி நேரத்தில் கரைக்கு ஓடி, வீட்டுக்குப் பேசி, பேஸ்ட்டும் சோப்பும் வாங்கித் திரும்பிய அண்ணன்மாரே, அக்காமாரே, பெரிய நன்றி.

சமையற்கூடத்தாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 500 மாணவர்கள் ஒரே இடத்தில் சாப்பிடும் கப்பலில் புயலைவிட நோரோ வைரஸுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மிகச் சில துகள்கள் வாய்க்குள் போனாலே போதும், ஓரிரு நாளில் வாந்தியும் பேதியும் தொடங்கிவிடும். கை தேய்க்கும் ஆல்கஹால் திரவத்துக்கு இது சரியாக மசிவதில்லை. சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்து, ஓடும் நீரில் கழுவினால்தான் போகும். அதனால்தான் உணவுக்கூட வாசலில் நின்று "கை கழுவியாச்சா?" என்று சிரித்த முகத்தோடு மூன்று வேளையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் சிலசமயம் முகம் சுளித்தோம். மன்னித்துவிடுங்கள்.

நோய் தலைகாட்டினால் செய்வதும் பெரிய வேலை. நாமே எடுத்துக்கொள்ளும் முறையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் நீங்களே பரிமாற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கரண்டியின் காம்பே நூறு பேருக்குப் பரப்பிவிடும். கைப்பிடி, மின்தூக்கிப் பொத்தான், படிக்கட்டுக் கம்பி எல்லாவற்றையும் குளோரின் கரைசலால் துடைக்க வேண்டும். பத்து லட்சத்தில் 1000 பங்காவது குளோரின் இருக்க வேண்டும், தெளித்தவுடன் துடைத்துவிடாமல் சில நிமிடம் ஈரமாக விட வேண்டும். நோயாளி அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், வாந்தி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை. அப்படி அடைபட்ட ஒவ்வொருவர் கதவுக்கும் கஞ்சியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொண்டுவந்து வைத்த கைகளுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

அதே கூடத்தின் பின்வாசலில் நடக்கும் இன்னொரு வேலை மாணவர் கண்ணில் படாது. மிஞ்சிய உணவை 25 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும் அளவுக்கு அரைத்தால், கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் கடலில் விடலாம். மத்தியதரைக் கடல் போன்ற சிறப்புப் பகுதிகளில் 12 கடல் மைல். பிளாஸ்டிக் மட்டும் எங்கேயும் கூடாது. ஆகவே தட்டிலிருந்து தவறி விழும் ஒரு சின்ன தயிர்க் கிண்ண மூடியைக் கூட யாராவது கையால் பொறுக்கி எடுத்தாக வேண்டும். அதோடு ஒரு முள்கரண்டி அரைக்கும் இயந்திரத்துக்குள் போனால் பல் உடைந்து, அன்றைய வேலை அத்தனையும் தேங்கும்.

எஞ்சின் அறைக்கு. பயணிகள் கப்பல்களில் குளிக்கும் நீரைப் பெரும்பாலும் கடலிலிருந்தே எடுக்கிறார்கள். ஒரு வழி, அழுத்தம் கொடுத்துச் சவ்வின் ஊடாகத் தள்ளுவது. இன்னொரு வழி, எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு 80 பாகை அளவில் சூடாக வரும் நீரின் வெப்பத்தால் கடல்நீரைக் காய்ச்சுவது. காய்ச்சும் பாத்திரத்துக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவதால் 45 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும், தனியாக எரிபொருள் வேண்டாம். பிறகு தாதுச்சத்தும் குளோரினும் சேர்த்தால்தான் குடிக்கலாம். துறைமுகத்தில் இந்த வேலை நடக்காது: அங்கே எஞ்சின் ஓய்வில் இருக்கும், சுற்றியுள்ள நீரில் எண்ணெயும் சாக்கடையும் கலந்திருக்கும். ஆறு நாள் கரையில் நின்றால் தொட்டி மட்டம் இறங்கிக்கொண்டே வரும். நாங்கள் அரைமணி நேரம் குளித்ததை நீங்கள் மானியில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள்.

எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் ஒரு வரி. திடீர் மின்னழுத்தத் தடுப்பு வைத்த நீட்டிப்புப் பலகைகளைப் பெட்டியிலிருந்து பறிமுதல் செய்தபோது பலருக்குக் கோபம். வீட்டில் நல்லது செய்யும் அந்தத் தடுப்பு, நிலத்தோடு இணையாத கப்பல் மின்சுற்றில் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று பொறுமையாக விளக்கினீர்கள்.

மருத்துவ அறைக்கு வந்தால், முதல் வாரக் கூட்டமெல்லாம் கடல் மயக்கம்தான். காதின் உட்பகுதி "ஆடுகிறோம்" என்கிறது, மடிக்கணினியைப் பார்க்கும் கண் "ஆடவில்லை" என்கிறது. அந்தச் சண்டை வயிற்றில் வந்து முடிகிறது. வகுப்பில் குனிந்து எழுதுபவர்களுக்கு இது அதிகம். கப்பலின் பக்கவாட்டில் நீருக்குள் நீளும் துடுப்பு போன்ற தகடுகள் இடவலமாக உருளுவதைக் குறைக்கும், கப்பல் வேகமாக ஓடும்போது மட்டும். கப்பலின் முன்முனை ஏறி இறங்குவதை அவை தடுக்காது, ஆகவே முன்பக்க அறைக்காரர்களுக்கு நடுக்கப்பலின் கீழ்த்தளமே கதி. மெக்லிசின் மாத்திரையை ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். வாந்தி வந்த பின் உள்ளே நிற்காது, ஊசிதான். காதின் பின்னே ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையை 4 மணி நேரம் முன்பே ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யும். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்பாப்பா விரிந்து எழுத்து மங்கும். அப்படி வந்த ஒவ்வொருவரையும் திட்டாமல் உட்காரவைத்த செவிலியர் அக்காவுக்கு நன்றி, குமட்டலுக்குக் கொடுத்த பச்சை ஆப்பிளும் இஞ்சியும் வாழ்க.

ஆசிரியர்களே, உங்களை இவ்வளவு கீழே வைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தீர்க்கரேகை 15 பாகை நகர்ந்தால் ஒரு மணி நேரம் மாறும். மேற்கே போகும்போது இரவு நீண்டு 25 மணி நேர நாள் கிடைக்கும். கிழக்கே போகும்போது 23தான், அடுத்த காலை முதல் வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். பசிபிக்கை மேற்கே கடந்தால் தேதிக்கோட்டில் ஒரு நாளே காணாமல் போகும் (அன்று பிறந்தநாள் வைத்திருப்பவர் பாடு பாவம்). இத்தனைக்கும் நடுவே பாடம் குறையாமல் முடித்தீர்கள். செயற்கைக்கோள் இணையம் எப்போது படுக்கும் என்று தெரியாததால், கட்டுரைகளைப் புறப்படும் முன்பே கப்பல் கணினியில் ஏற்றி வைத்த நூலகருக்கும் நன்றி.

காகித வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். கப்பல் உள்ளே வரும்போது மஞ்சள் கொடி ஏறும். சுகாதார அனுமதி கேட்கிறோம் என்று பொருள். அனுமதியும் குடியேற்ற முத்திரையும் கிடைக்கும்வரை ஒருவரும் இறங்க முடியாது. எல்லாப் பாஸ்போர்ட்டும் கப்பலின் கணக்கு, ஆவணங்களைப் பார்க்கும் பர்சர் அலுவலகத்தில் அடுக்கில் இருக்கும். ஒருவருடைய மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் குறைந்தாலே சிக்கல். தடுப்பூசி போட்டு 10 நாள் ஆனால்தான் அது செல்லும், அதற்குப் பிறகு ஆயுளுக்கும் செல்லும். கடைசி நேரத்தில் ஊசி போட்டவர்களை எச்சரித்து எச்சரித்துக் களைத்த கரை அலுவலகத்தாருக்கும், கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவர விடியுமுன் ஏணியில் ஏறிவந்த பைலட்டுகளுக்கும், கப்பலைக் கட்டக் கயிறு பிடித்தவர்களுக்கும் வணக்கம்.

இந்தப் படிப்புக் கப்பல் முன்பு பல பயணங்களில் சென்னையில் நின்றிருக்கிறது, பிறகு கொச்சியில். துறைமுகத்துக்குள் இஷ்டம்போல் நடக்க முடியாது. வாசலில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் ஒவ்வொரு அட்டையையும் பார்ப்பார்கள். "ஹார்பர்" என்று மட்டும் சொல்லி ஏறுபவரிடம் எந்த வாசல் என்று கேட்டு, சரியான இடத்தில் இறக்கிவிடும் ஆட்டோ அண்ணன்மார் இல்லாவிட்டால் பல பேர் தாமதமாகியிருப்பார்கள். இங்கே தாமதத்துக்குக் கூலி உண்டு: கரையில் பிந்திய நிமிடங்கள், அடுத்த ஊரில் இறங்க முடியாமல் கப்பலிலேயே உட்காரும் மணிகளாகத் திரும்பி வரும்.

கடைசியாக பிளம்பருக்கு. கப்பல் கழிவறை ஒரு லிட்டர் அளவு நீரோடு காற்று உறிஞ்சி இழுக்கும் வகை. ஒரே குழாயில் பல அறைகள் தொங்குகின்றன. ஒருவர் போட்ட ஈரத் துடைப்புத் தாள் வளைவில் மாட்டினால் வரிசை முழுவதும் இழுவை போய்விடும், எந்த அறை என்று கண்டுபிடிக்கக் கூரைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் நீங்கள் கழற்றினீர்கள். அடுத்து ஏறப்போகும் தம்பி தங்கைகளே, அந்தத் துடைப்புத் தாளைக் கூடையில் போடுங்கள். டப்பாவில் 'கழிவறையில் போடலாம்' என்று அச்சிட்டிருந்தாலும் கூடைதான்.

அன்புடன்,
கப்பலில் படித்த தமிழ் மாணவர்கள்