கான்சர் கிளினிக்குக்கு ஒரு பிசியோவைத் தாங்க: திருகோணமலை சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். திருகோணமலையில புற்றுநோயாளரைப் பாக்கிற கிளினிக்குகளுக்குப் பொறுப்பான எல்லாருக்கும் சேத்துத்தான் இதை எழுதுறன். நிலைமை உங்களுக்குத் தெரியும். கிளினிக் நாள்ல வாங்கில்ல இடமில்லாம சனம் நிலத்தில இருக்கிறதும் ரேடியேசனுக்கு மட்டக்களப்புக்கோ மஹரகமைக்கோ ஓடுறதும் நான் சொல்லித்தான் நீங்க அறிய வேணும் எண்டில்லை. நான் கேக்க வந்தது ஒண்டே ஒண்டு. ஒரு ஆளுக்கு கான்சர் எண்டு கண்டுபிடிச்ச உடனேயே அந்த ஆளை ஒரு பிசியோதெரபிஸ்டிட்ட, அதான் உடம்புப் பயிற்சி சொல்லிக்குடுத்து வைத்தியம் செய்யிற ஆளிட்ட, அனுப்புங்க. கால் சூம்பி, எழும்ப ஏலாமப் போன பிறகு இல்லை, முதலே.

போன கிளினிக்கில நடந்ததுதான் என்னை எழுத வச்சது. அப்பாக்கு பெருங்குடல்ல கான்சர், ஒப்பரேசன் முடிஞ்சு இப்ப கீமோ போகுது. தொடை எல்லாம் மெலிஞ்சு போகுது, ஏதாவது எக்சர்சைஸ் சொல்லித்தர ஆள் இருக்கா எண்டு கேட்டன். "பிசியோ எலும்பு முறிஞ்ச ஆக்களுக்கும் பாரிசவாதம் வந்த ஆக்களுக்கும்தான், கான்சர் பேசன்டுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை, வீட்ட கொண்டு போய் நல்லா ரெஸ்ட் எடுக்க விடுங்க" எண்டு பதில் வந்தது. சொன்ன ஆளில எனக்குக் கோவம் இல்லை, அவ்வளவு சனத்துக்கு நடுவில காலையில இருந்து நிண்டு வேலை செய்யுறாங்க. ஆனா அந்தப் பதில்ல எனக்குச் சரியான கோவம்.

அப்பா கரைவலை இழுத்த ஆள். இடுப்பில கயித்தைக் கட்டி மணலுக்குள்ள காலை ஊண்டி பின்னுக்குப் போய்ப் போய் இழுத்த கால் அது. இப்ப பஸ் புட்போர்ட் ஏற ஏலாது. வலது காலைத் தூக்கி வச்சிருவார், கம்பியையும் பிடிச்சிருவார், ஆனா மற்றக் கால் நிலத்தை விட்டு எழும்பாது. கீமோ மருந்தால பாதம் வேற விறைச்சுப் போயிருக்கு, கால் எங்க படுது எண்டே தெரியிறதில்லை எண்டு சொல்றார். கொண்டக்டர் கெதியா ஏறுங்க எண்டு கத்த, பின்னால நிண்ட தம்பிமார் ரெண்டு பேர் கக்கத்துக்க கையைக் குடுத்துத் தூக்கித்தான் ஏத்தினாங்க. அவங்க நல்ல பிள்ளையள். ஆனா அண்டைக்கு வழி நெடுக அப்பா என்னோட கதைக்கேல்லை, அதுக்குப் பிறகு பஸ்ஸில போக மாட்டன் எண்டிட்டார். கிளினிக்குக்குப் போறதெண்டா இப்ப வான் பிடிக்க வேணும், வானுக்குக் காசில்லாட்டி கீமோ தள்ளிப்போகும். மருந்து இருந்தும், டொக்டர் இருந்தும், ஒரு படி ஏற ஏலாததால வைத்தியம் பிந்துது. இதை எந்த ரிப்போர்ட்டிலயும் ஒருத்தரும் எழுதுறதில்லை.

எழுதுறதெல்லாம் நிறை மட்டும்தான். தராசில ஏத்துறாங்க, கிளினிக் கொப்பியில குறிக்கிறாங்க, பெரிசா குறையேல்லை எண்டு சொல்லி அனுப்புறாங்க. கால் வீங்கித் தண்ணி சேந்திருக்கிற ஆளுக்கு தராசு என்னத்தைக் காட்டும்? தசை போய் அந்த இடத்தில தண்ணியோ கொழுப்போ இருந்தாலும் நிறை நிறைதானே. கீமோ மருந்தின்ர அளவையும் பெரும்பாலும் உயரத்தையும் நிறையையும் வச்சுத்தான் கணக்குப் பாக்கிறாங்க, ஆனா தசை குறைஞ்ச ஆளுக்கு அதே அளவு மருந்து கூடுதலான பக்கவிளைவைக் குடுக்கும் எண்டு ஆராய்ச்சிகள்ல கண்டிருக்கு. அப்ப தசையைப் பாக்காம விடுறது சின்ன விசயமா?

கான்சர் வந்தா மெலியிறது வழமைதானே எண்டு எங்கட சனமும் சொல்லும். அது வெறும் சாப்பாட்டுக் குறையால வாற மெலிவு இல்லை எண்டது என்னை விட உங்களுக்கு நல்லாத் தெரியும். கட்டியும் அதோட சண்டை பிடிக்கிற உடம்பும் சேந்து உண்டாக்கிற அழற்சி தசையை உடைச்சுக்கொண்டே இருக்கும், என்னதான் ஊட்டினாலும் சாப்பாட்டால மட்டும் அதை முழுசா நிப்பாட்ட ஏலாது. கேக்கெக்சியா எண்டு பேர் வச்சு, 6 மாசத்தில 5 வீதத்துக்கு மேல நிறை குறைஞ்சா அதுதான் எண்டு 2011லயே உலக நிபுணர்கள் வரையறுத்திட்டாங்க. கான்சர்ல சாகிற ஆக்கள்ல 20 வீதம் வரைக்கும் இதாலயே சாகினம் எண்டு மருத்துவக் கட்டுரைகள்ல எழுதியிருக்கு. இதில ரெஸ்ட் எண்டு கட்டில்ல போட்டா என்ன ஆகும்? 2007ல அமெரிக்காவில ஒரு வருத்தமும் இல்லாத வயசான ஆக்களை 10 நாள் படுக்க வச்சுப் பாத்த ஆய்வில, கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. வருத்தமில்லாத ஆளுக்கே அப்பிடியெண்டா கீமோ எடுக்கிற ஆளுக்கு?

எக்சர்சைஸ் செய்தா போன தசை எல்லாம் திரும்பி வரும் எண்டு நான் சொல்லேல்லை. கேக்கெக்சியா முத்தின ஆளுக்கு அது எவ்வளவு உதவும் எண்டதுக்கு இன்னும் போதுமான சான்று இல்லை. அதாலதான் முதலே தொடங்குங்க எண்டு கெஞ்சிக் கேக்கிறன். 2019ல அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின்ர தலைமையில கான்சர் ஆக்களுக்கெண்டு வந்த வழிகாட்டல்ல கிழமைக்கு மூண்டு தரம் அரை மணித்தியாலம் நடை, ரெண்டு தரம் தசைக்கு வேலை குடுக்கிற பயிற்சி எண்டு தெளிவா இருக்கு. 2022ல அமெரிக்க புற்றுநோய் மருத்துவர் சங்கம், குணமாக்கிற நோக்கத்தோட வைத்தியம் நடக்கேக்கயே எக்சர்சைஸ் செய்யச் சொல்லுங்க எண்டு டொக்டர்மாருக்கே சொல்லியிருக்கு. 2025ல பெருங்குடல் கான்சர்க்காரர் 889 பேரில செய்த ஆய்வு வந்தது. கீமோ முடிஞ்ச பிறகு 3 வருசம் ஆள் வச்சு எக்சர்சைஸ் செய்வித்த குழுவில 8 வருசத்தில 90 வீதம் பேர் உயிரோட இருந்தாங்க, புத்தகம் மட்டும் குடுத்த குழுவில 83 வீதம். ஒரு மருந்து இந்தளவு வேலை செய்திருந்தா எப்பிடியாவது வரவழைச்சிருப்பீங்க.

இங்க ஆக்கள் காணாது எண்டு சொல்லுவீங்க, அது உண்மை. 2022க்குப் பிறகு எத்தனை டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் வெளிநாட்டுக்குப் போனாங்க எண்டு எல்லாரும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம். ஆனா எல்லாத்துக்கும் அதையே பதிலாச் சொன்னா எப்பிடி? மருந்தில்லை எண்டாலும் அதே பதில், ஸ்கேனுக்குத் திகதி கிடைக்கேல்லை எண்டாலும் அதே பதில், தமிழில எழுதின ஒரு துண்டுத்தாள் கேட்டாலும் அதே பதில். புற்றுநோய் தினத்துக்கு பேனர் கட்ட ஆள் வருது, பேச்சு நடக்குது, அடுத்த நாள் கிளினிக்கில அதே வாங்கில், அதே தராசு. 2011ல தெற்கில தேவேந்திரமுனையில இருந்து வடக்கில பருத்தித்துறை வரைக்கும் 27 நாள் சனம் நடந்து காசு சேத்து தெல்லிப்பழையில புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டினது இந்த நாட்டிலதான். அதால கிழமையில ஒரு நாள் ஒரு பிசியோவை அனுப்புறது ஏலாத காரியம் எண்டு நம்ப எனக்கு மனம் வருகுதில்லை.

மன்னிக்க வேணும், கோவத்தில எங்கேயோ போயிட்டன். நான் கேக்கிறதுக்குப் பெரிய மெசின் ஒண்டும் வேணாம். கையைக் கட்டிக்கொண்டு கதிரையில இருந்து 5 தரம் எழும்பி இருக்கச் சொல்லுங்க, போன்ல நேரம் பாருங்க. 12 செக்கனோ அதுக்கு மேலயோ எடுத்தா கவனிக்க வேணும் எண்டு தசை குறையிறதைப் பற்றி ஆராயிற ஆசிய நிபுணர் குழு 2019ல சொல்லியிருக்கு. அதை ஒவ்வொரு கிளினிக்கிலயும் நிறைக்குப் பக்கத்தில எழுதுங்க. பிசியோ வேணும் எண்டு நான் பிடிவாதமா நிக்கிறதுக்கும் காரணம் இருக்கு. எலும்புக்குப் பரவின ஆள், ரத்தம் உறைய வைக்கிற பிளேட்லெட் குறைஞ்ச ஆள், காய்ச்சல் காயிற ஆள், மலம் போக வயித்தில பை வச்ச ஆள், எல்லாருக்கும் ஒரே பயிற்சி குடுக்க ஏலாது. வீட்டில நாங்களா யூடியூப் பாத்து செய்விச்சு எலும்பு முறிஞ்சா ஆர் பொறுப்பு? எங்கட கச்சான் காத்து வெயில்ல எத்தினை மணிக்கு நடக்கிறது, எவ்வளவு தண்ணி குடிக்கிறது எண்டும் சொல்லித்தர ஆள் வேணும். அதோட சாப்பாடும். கஞ்சியும் பிஸ்கட்டும் குடுத்து வச்சிருக்கிற வீடுகள் எத்தினை? உடம்பு நிறையில ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1 கிராமுக்குக் குறையாம, ஏலுமெண்டா 1.5 கிராம் வரைக்கும் புரதம் வேணும் எண்டு வழிகாட்டல் இருக்கு. முட்டை, மீன், நெத்தலி, பயறு, கௌபி, இதுகளில எது எவ்வளவு எண்டு தமிழிலயும் சிங்களத்திலயும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. மூதூர், கிண்ணியா, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கத்து ஆக்கள் அடிக்கடி டவுனுக்கு வர மாட்டாங்க, அவங்களுக்கு கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியிலயே இதைச் செய்ய ஏற்பாடு வேணும்.

திரும்பவும் அதையேதான் கேக்கிறன். கான்சர் எண்டு எழுதிற அண்டைக்கே பிசியோவுக்கும் ஒரு துண்டு எழுதுங்க. கிளினிக் நாள்ல ஒரு பிசியோவை அங்கேயே இருத்துங்க. ஏலும் எண்டா எப்ப தொடங்குவீங்க எண்டு கிளினிக் சுவர்ல ஒரு அறிவித்தல் ஒட்டுங்க, ஏலாது எண்டா ஏன் எண்டதையும் அதே சுவர்ல எழுதி ஒட்டுங்க. அடுத்த மாசக் கிளினிக்குக்கு முதல் ஒரு பதில் தந்தா பெரிய உதவியா இருக்கும்.

நன்றியோட,
ஒரு நோயாளியின்ர மகள்,
திருகோணமலை.