குழந்தையின் கதையாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு அம்மாக்களோ, திருநம்பி (பிறந்தபோது பெண் எனக் குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவர்) அப்பாவோ வளர்க்கும் பிள்ளைகளைப் பற்றித் தமிழில் சிறார் கதை எழுத விரும்புவோருக்குச் சில சொல்ல வேண்டும்.

இத்தகைய கதைகள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். வகுப்பில் ஒருவன் கேலி செய்கிறான், டீச்சர் அரைப்பக்கம் விளக்குகிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். பிள்ளைக்குக் கதையில் வேலையே இல்லை. காணாமல் போன ஆட்டுக்குட்டியை அவள் தேடட்டும். டார்ச் பிடிக்க இரண்டு அம்மாக்களும் கூட வரட்டும். ஏழு வயது வாசகருக்கு அது போதும்.

இருவரையும் ‘அம்மா’ என்றால் உரையாடலில் யார் பேசுகிறார் என்று குழம்பும். ‘பெரியம்மா’, ‘சித்தி’ சரிவராது. அவை வேறு உறவுகள். ‘அம்மா’, ‘செல்வியம்மா’ என முதல் பக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். 2022இல் தமிழ்நாடு அரசு தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலியோரைக் குறிக்க அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் செய்தி எழுதுவோருக்கு மிக உதவும். அந்தச் சொற்களைக் குழந்தை வாயில் திணிக்க வேண்டாம்.

நம் மொழியில் வினைமுற்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். இதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். திருநம்பி அப்பாவைப் பற்றிப் பாட்டி தொடக்கத்தில் “சாப்பிட்டாளா?” என்று கேட்கிறாள். கடைசிப் பக்கத்தில், தோசையைத் திருப்பிக்கொண்டே, “சாப்பிட்டானா?” என்கிறாள். பேத்தி நிமிர்ந்து பார்க்கிறாள். அவ்வளவுதான், அதன் கீழே விளக்கம் எழுதினால் கெட்டுவிடும். பேத்தி எப்போதும் “அப்பா சாப்பிட்டாங்க” என்பாள். பிழை திருத்துபவர் ளகரத்தையும் னகரத்தையும் ‘சரிசெய்து’ ஒன்றாக்கிவிடக்கூடும். கைப்பிரதி ஓரத்தில் குறித்து அனுப்புங்கள்.

சட்டத்திலும் தவறு வரும். இரண்டு பெண்கள் சேர்ந்து கையெழுத்திட்டுத் தத்தெடுப்பதாக எழுதினால் அது நம் நாட்டில் நடக்காத காட்சி. தம்பதியாகத் தத்தெடுக்க இரண்டாண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும் என்கிறது விதி. 2023 அக்டோபர் 17 அன்று தன்பாலினத் திருமண வழக்கில் தந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 3-2 என்ற கணக்கில் அதை அப்படியே விட்டுவிட்டது. தனியாக ஒரு பெண் தத்தெடுக்கலாம். ஆகவே காகிதத்தில் ஒருவர்தான் அம்மா. பள்ளி விண்ணப்பத்தில் ‘தந்தை பெயர்’ கட்டத்துக்கு மேல் பேனா நின்றுவிடுகிற அந்த நொடியைப் பிள்ளையின் கண் மட்டத்திலிருந்து எழுதுங்கள்.

ஓவியருக்கும் குறிப்பு தேவை. சொல்லாவிட்டால் ஒரு அம்மாவுக்குக் குட்டை முடியும் சட்டையும் வரைந்து ‘அப்பா’ ஆக்கிவிடுவார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு கதை சிறுவர் பக்கத்துக்கு வந்தால் ‘விழிப்புணர்வுக் கதை’ என்று தலைப்பிட வேண்டாம். மற்ற கதைகளைப் போலவே, விடுகதைக்குப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
சிறார் நூல் பதிப்பாசிரியர் ஒருவர்,
மதுரை