சாவியோடு சொல்லிவிட்டுப் போக வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் பாடாங் செராய் வட்டாரத்தில் குலதெய்வக் கோயிலுக்கென்று தமிழ்நாட்டுக்குப் புறப்படுகிறவர்களும், சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறவர்களும் ஆட்டுக் கொட்டகையையும் வீட்டுச் சாவியையும் தெரிந்தவர் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போவது வழக்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தோட்டத்து லய வீடுகளிலிருந்து தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்த பிறகு, சேர்த்த காசில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வாங்கி ஆடு, மாடு, நாலு டுரியான் மரம், கொஞ்சம் செம்பனை என்று வைத்திருக்கும் நம்மவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். பால்மரம் சீவுவதை விட்ட நாள் முதல், இப்படி ஊருக்குப் போகிறவர்களின் கொட்டகைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

கிளம்புகிறவர்கள் தீவன மூட்டை எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்று காட்டிவிடுகிறார்கள். எதுவரைக்கும் நான் முடிவெடுக்கலாம் என்பதை மட்டும் சொல்வதில்லை. மனக்கசப்பு வருவது அந்த இடத்தில்தான்.

கடந்த தீபாவளிச் சமயம் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு பையன், தெரிந்த அண்ணனின் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈரத்தோடு இளம்புல்லைத் தின்ற கெடா ஒன்றுக்கு வயிறு ஏறிவிட்டது. இடப்பக்கம் மத்தளம் மாதிரி உப்பி, மூச்சு வாங்கியது. அண்ணனுக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை, அவர் விமானத்தில் இருந்திருக்கிறார். கால்நடை இலாகா அலுவலகமும் பூட்டியாகிவிட்ட நேரம். செத்து வீணாகப் போகப்போகிறதே என்று பயந்து, உயிர் இருக்கும்போதே அறுத்து, கறியை நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை அண்ணன் வீட்டு ஐஸ்பெட்டியில் வைத்தான். திரும்பி வந்த அண்ணனுக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. அது முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்ட கெடா. பையன் கறிக்கு ஆசைப்பட்டு அறுத்தான் என்றே அவர் நம்பிவிட்டார். கல்யாணம் காட்சி என்று ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்த இரண்டு குடும்பங்கள் இன்று கோயிலில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

என்னைக் கேட்டால், பையன் கறியைப் பங்கிட்டது தவறு. பிறர் பொருளை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க அவனுக்கு உரிமை இல்லை. அதைவிடப் பெரிய தவறு அண்ணனுடையது. இது சாமிக்கு விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னைப் பிடிக்க முடியாவிட்டால் யாரைக் கேட்பது என்று ஒரு நம்பர் கொடுக்கவில்லை. வயிறு உப்பினால் ஆட்டைப் படுக்கவிடாமல், முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, சமையல் எண்ணெயைக் கடைவாய் ஓரமாக, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே கால்நடை மருத்துவரைத் தேட வேண்டும் என்பதையும் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதனால் சாவியை வாங்குவதற்கு முன் நான் கேட்டுவிடுவேன்: ஓர் ஆடு படுத்துவிட்டால் வைத்தியத்துக்கு எத்தனை வெள்ளி வரை செலவு செய்யலாம்? நீங்கள் கிடைக்காவிட்டால் உங்கள் சார்பில் யார் பேசுவார்? பிழைக்காது என்று தெரிந்தால் அறுக்கவா, புதைக்கவா? எது சாமிக்கு நேர்ந்துவிட்டது, எது சினை? “ஊருக்குக் கிளம்பும்போது அபசகுனமா ஏன்க்கா பேசுறீங்க?” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளித்தாலும் பரவாயில்லை, தாளில் எழுதி வாங்கிக்கொள்வேன்.

ஊசி போட்ட விவரமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொல்லும் நாள் வரை கறந்து கொட்டிவிட வேண்டும். அது தெரியாமல் கறந்து வழக்கமான வீடுகளுக்கு ஊற்றினால், குடிப்பது பச்சைப் பிள்ளைகள். கறிக்கும் இதே கணக்குதான்.

பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. இரக்கப்பட்டுப் புதிதாக எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். பறித்த கையோடு பச்சை மரவள்ளி இலையைக் கட்டுக்கட்டாகப் போட்டால் அதிலுள்ள நஞ்சு ஆட்டைக் கொன்றுவிடும். பிகேசி என்று நாம் சொல்லும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கை வெள்ளாடு தாங்கும். செம்மறிக்கு அதையே அள்ளிப் போட்டால் அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று விழுந்து சாகும். செம்பனைக் காட்டில் புல் அறுப்பதென்றால் மருந்து அடித்த இடமா என்று விசாரியுங்கள். பாராகுவாட் 2020ல் தடை செய்யப்பட்டுவிட்டது என்பதற்காக மற்றக் களைக்கொல்லிகள் எல்லாம் தீவனமாகிவிடாது. முதலாளி சொன்ன தீவனம், சொன்ன அளவு, சொன்ன நேரம், அவ்வளவுதான்.

டுரியான் காலத்தில் வருகிற தொல்லை தனி. “அக்கா, ரெண்டு பழம் பொறுக்கிக்கிறேன், அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டார்” என்று கேட்டுக்கு வெளியே மோட்டாரை நிறுத்துவார்கள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை பறித்துக் கொடுப்பேன், அது ஊர் வழக்கம். பழத்தைத் தொடவிட மாட்டேன். விழுந்த பழத்தை யார் எடுப்பது, பாலும் முட்டையும் யாருக்கு என்பதை முதலாளியே வாய்திறந்து சொல்லிவிட்டால் காவலுக்கு இருப்பவருக்கு இந்தச் சங்கடம் வராது. செம்பனைக் குலை வெட்டுகிற முறை இடையில் வந்தால் நிறுத்த முடியாது, பழம் உதிர்ந்துவிடும். செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் முதலாளி பெயரில் இருக்கிறது. விற்ற எடையும் காசும் லோரிக்காரர் தந்த ரசீதில் இருக்கிறபடியே அவர் கைக்குப் போக வேண்டும்.

வீட்டுக்குள் நமக்குக் காட்டிய அறையோடு நின்றுகொள்வது மரியாதை. புரட்டாசியில் கவிச்சி சேர்க்காத வீட்டின் அடுப்பில் கருவாடு பொரிப்பது எந்த நியாயம்? அண்ணன் குடும்பத்தோடு இந்தியா போயிருக்கிறார் என்று ஆட்டுக்குட்டியோடு படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) போடுவது, வீடு காலியாக இருக்கிறது என்று ஊருக்கே அறிவிப்பதாகும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிவருவதென்றாலும் கேட்டுவிட்டே கூட்டிவாருங்கள்.

முதலாளிகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். கொட்டகையில் கேமரா வையுங்கள், அது உங்கள் சொத்து. நாங்கள் படுக்கிற இடத்தில் வைக்காதீர்கள். ஒருவர் அப்படி வைத்திருந்ததைக் கண்டு, அன்றே சாவியை அவர் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தியாவில் இரவு ஒன்பது மணி என்றால் இங்கே பதினொன்றரை. விடியலுக்கு முன் எழுந்து பால் கறக்க வேண்டியவரை அந்நேரம் எழுப்பி “குட்டி பால் குடிச்சுச்சா?” என்று கேட்காதீர்கள். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம் நாங்களே அனுப்புகிறோம். ஆடு பார்க்க வந்தவரிடம் “அப்படியே வேலியும் கட்டிடுங்க” என்று போனில் வேலையைக் கூட்டுவதும் முறையல்ல. காட்டுப்பன்றிக்குப் போட்டிருக்கும் மின்கம்பிக்குச் சுவிட்சு எங்கே என்று கட்டாயம் காட்டிவிட்டுப் போங்கள். உயிர் போகிற விஷயம் அது. மலைப்பாம்பு கொட்டகைக்குள் வந்தால் நாங்கள் பாராங் கத்தியோடு நிற்க மாட்டோம், 999க்கு அழைப்போம்.

நமக்குள்ளே உறவுமுறை, இதற்கெல்லாம் எதற்கு எழுத்து என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி விலங்கை வதைத்த குற்றத்துக்கு அபராதமே 20,000 வெள்ளியில்தான் தொடங்குகிறது. வாயில்லா ஜீவன் பட்டினி கிடந்து புகார் என்று வந்துவிட்டால், யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்பார்கள். அப்போது அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

கூலியையும் கிளம்புவதற்கு முன்பே பேசுங்கள். “திரும்பி வந்து பார்த்துக்கலாம்” என்று போனவர்கள் ஒரு சேலையைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்ததுண்டு. தீவனக் காசு தனி, வைத்தியக் காசு தனி, கூலி தனி. மூன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு, தாளோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
கொட்டகை பார்த்துக்கொள்ளும் ஒரு வாசகி,
பாடாங் செராய், கெடா.